கம்பத்தில் நோய் அதிகமா, இல்லை தூரம் அதிகமா? ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ஒரு ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்பவர்கள் அதிகம் என்றால், அங்கே நோய் அதிகம் என்றுதானே நினைப்போம்? அது பாதிதான் உண்மை. பக்கத்தில் என்ன வசதி இருக்கு என்பதும் அந்த எண்ணிக்கையை மாற்றும்.

கம்பத்தையே எடுத்துக்குவோம். ஊருக்குள்ளேயே அரசு மருத்துவமனை இருக்கு; காய்ச்சல்னா உடனே போயிடலாம். ஆனால் பெரிய சிகிச்சை என்றால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெயரில்தான் தேனி, இருப்பது க.விலக்கில். கம்பத்திலிருந்து தேனிக்கே சுமார் 40 கி.மீ. அதையும் தாண்டி ஆண்டிபட்டி சாலையில் போகணும்.

தோட்ட வேலைக்குப் போறவர் என்ன செய்வார்? பஸ் காசு, ஒருநாள் கூலி, துணைக்கு ஒரு ஆள்... "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவார். மாத்திரையில் அடங்கியிருக்க வேண்டிய சுகர், கால் புண்ணாகி வார்டில் படுக்க வைக்கும். தூரத்திலிருந்து வந்தவரை ராத்திரியில் திருப்பி அனுப்ப டாக்டரும் யோசிப்பார். "அட்மிட் பண்ணிடுங்க" என்பார்.

போதாக்குறைக்கு, கேரளா பக்கம் ஏலத்தோட்டங்களில் இருந்தும் மலை இறங்கி சிகிச்சைக்கு வருகிறார்கள். அந்தக் கூட்டத்தையும் கம்பத்தின் நோய்க் கணக்கில் சேர்க்க முடியாது.

சரி, வசதி அதிகமானால் கூட்டம் குறையுமா? அதுவும் உறுதியில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அடுத்தடுத்த ஊர்களை ஜான் வென்பெர்க், ஆலன் கிட்டெல்சன் இருவரும் ஒப்பிட்டு 1973-ல் ஆய்வு வெளியிட்டார்கள். டான்சில் ஆபரேஷன் எண்ணிக்கை ஊருக்கு ஊர் பல மடங்கு வித்தியாசம்! டாக்டர்களும் படுக்கைகளும் எங்கே எவ்வளவு என்பதோடு அது பொருந்திப் போனது.

நம்ம ஊரிலும் இதன் சாயல் உண்டு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8% சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36%. சிக்கலான பிரசவங்கள் அரசு மருத்துவமனைகளுக்கும் நிறையவே அனுப்பப்படுகின்றன. அப்படியிருந்தும் இவ்வளவு இடைவெளி என்றால், எந்த வாசலில் நுழைகிறோம் என்பதும் சிகிச்சையை மாற்றுகிறது.

வார்டு வரை போகாமல் தடுக்கும் வசதி வேறு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு வரலைன்னா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். நெஞ்சுவலி என்றால் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீங்க, உடனே 108.