உங்களுக்குத் தெரியுமா? படத்துக்குள் ஓடியது நிஜ ஆட்டம்!

'ரவுண்டர்ஸ்' (1998) படத்தில் மாட் டேமன் டி.வி.யில் போட்டுப் பார்க்கும் போக்கர் ஆட்டம் நடிப்பல்ல. 1988 போக்கர் உலகத் தொடரின் நிஜ இறுதி ஆட்டம்!

• அந்த இறுதியில் ஆடிய ஜானி சான் கையில் ஜாக்கியும் ஒன்பதும். மேசையில் ராணி, பத்து, எட்டு விழுந்ததுமே ஐந்து சீட்டும் வரிசை சேர்ந்துவிட்டது. ஆனாலும் சான் தன் பலத்தைக் காட்டவில்லை. எதிரே எரிக் சைடல், ராணி ஜோடியை நம்பி மொத்தத்தையும் வைத்தார். போயிற்று! போக்கரின் அழகே இந்தப் பொறுமைதான்.

• சான், படத்தில் சானாகவே வருகிறார்.

• படம் வந்த 1998-இல் உலகத் தொடரில் டேமனும் ஆடினார். கையில் இரண்டு ராஜா. எதிரே போக்கர் ஜாம்பவான் டாயில் பிரன்சனிடம் இரண்டு ஆஸ். டேமன் வெளியே!

• 1988-இல் சானிடம் தோற்ற சைடல் பின்னாளில் உலகத் தொடர்ப் பட்டங்கள் பல வென்றார்.