உங்களுக்குத் தெரியுமா? மலை ஈரமும் பழைய தபால்தலையும்

ஆசியாவின் முதல் தபால்தலையே ஒரு பராமரிப்புத் தோல்விதான். 1852 ஜூலை 1 அன்று சிந்துப் பகுதியில் வெளியான 'சிந்து டாக்' அரையணாத் தலை முதலில் சிவப்பு அரக்கு வில்லையாக வந்தது. தபால் பையில் இடிபட்டு அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிறகுதான் காகிதத்தில் புடைப்பாக அச்சிட்டார்கள்.

1854இல் இந்தியா முழுமைக்குமாக வந்த தலைகளுக்குப் பின்புறம் பசையே கிடையாது. கல்கத்தா சர்வே அலுவலகத்தில் கல்லச்சில் அடித்து, ஓரத் துளையும் இல்லாமல் அனுப்பினார்கள். கத்தரித்துக்கொள்வதும் கோந்து தடவிக்கொள்வதும் வாங்கியவர் பாடு. ஊட்டி, குன்னூரில் சேகரிப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. பசை இல்லாத தலை மழைக்காலத்தில் பக்கத்துத் தலையோடு ஒட்டிக்கொள்ளாது அல்லவா?

நீலகிரியில் தபால்தலைக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி ஈரம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அது ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இடையில் மூடுபனி வேறு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பழைய தலைகளின் பசை பெரும்பாலும் வேலமர இனத்துப் பிசின். தின்னத் தோதான பண்டம். காகிதத்தில் தெரியும் பழுப்புப் புள்ளிகளுக்குப் பூஞ்சை ஒரு காரணம், காகிதத்திலேயே கலந்திருக்கும் இரும்புத் துகள் இன்னொரு காரணம். அந்தப் புள்ளியைப் போக்குகிறேன் என்று பிளீச்சிங் கரைசலில் முக்குபவர்கள் உண்டு. புள்ளி போகும், காகிதத்தின் பலமும் கூடவே போகும். பளிச்சென்று வெளுத்த 'பழைய' தலையை விற்க வந்தால் சற்று யோசியுங்கள்.

கல் கட்டட பங்களாக்களில் ஆல்பத்தை வெளிச்சுவரை ஒட்டி வைப்பது பெருந்தவறு. இரவில் சுவர் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அங்கேதான் நீராகப் படியும். உள்சுவர் ஓரம், தரையிலிருந்து உயரத்தில், புத்தகம்போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பாரம் அழுத்தி, பசை பக்கத்தோடு ஒட்டிவிடும்.

தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. தூளைச் சுமார் 3 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிய ஊர் இது. ஆனால் தேயிலையைப் போலத் தபால்தலையை உலர்த்திவிடக் கூடாது. ஈரப்பதம் 50 சதவீதம் அளவில் இருந்தால் போதும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் பசை வெடிக்கும், தலை சுருளும். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம்.

நீலகிரித் தைலம் பூச்சியை விரட்டும் என்று ஆல்பத்தில் இரண்டு சொட்டு விடுகிற கைவைத்தியம் வேண்டாம். யூகலிப்டஸ் 1840களில் வந்து இந்த மலையையே வளைத்துக்கொண்டது, தபால்தலையையாவது விட்டுவைப்போம். எண்ணெய் பட்ட காகிதம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். அந்துருண்டையும் ஆகாது, அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

ஓம வாசனைக்குக் காரணமான தைமால், ஆவணக் காப்பகங்களில் பூஞ்சையைக் கொல்ல நெடுங்காலம் பயன்பட்டது. உடம்புக்குக் கெடுதல் என்பதால் இப்போது பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

தலையைவிட அது ஒட்டியிருக்கும் உறைதான் பெரும்பாலும் முதலில் உதிர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கந்தல்துணிக் கூழுக்குப் பதில் மரக்கூழ் வந்தது. மை பரவாமலிருக்கப் படிகாரமும் ரோசினும் சேர்த்தார்கள். காலப்போக்கில் அந்தக் காகிதத்தில் அமிலம் ஊறி அதுவே தன்னைத் தின்கிறது, தொட்டுக்கொண்டிருக்கும் தலைக்கும் பழுப்பைக் கொடுக்கிறது. மலிவான ஆல்பத் தாளும் இதே ரகம். அமிலமற்ற தாள், பாலியெஸ்டர் உறை இரண்டும் விலை கூடுதல்தான், வாங்குங்கள். பி.வி.சி. உறைகள் வேண்டவே வேண்டாம், அவற்றிலிருந்து கசிவது மையைக் கரைக்கும்.

லேமினேஷன் செய்துவிடலாமா? கூடாது. 1950களில் டில்லி தேசிய ஆவணக் காப்பகம், எந்திரம் இல்லாமல் அசிட்டோனைத் தடவியே அசிடேட் படலத்தைப் பழைய ஆவணத்தோடு ஒட்டும் கைமுறையை உருவாக்கியது. நம் நாட்டு வசதிக்கேற்ற அருமையான யோசனை. ஆனால் அசிடேட்டே நாளடைவில் சிதைகிற பொருள். பழைய படச்சுருளில் வரும் காடி வாடை அதனால்தான். வல்லுநர்களே விலகிவிட்ட வழி, ஜெராக்ஸ் கடையில் நமக்கு எதற்கு?

தண்ணீரில் ஊறவைத்தால் காணாமல் போகும் தலைகளும் உண்டு. 1866இல் தொடங்கிய ஜம்மு காஷ்மீர்த் தலைகளில் பல நீர்வண்ணத்தில் அச்சானவை. கிண்ணத்தில் போட்டால் வெறும் காகிதம்தான் மிஞ்சும்.

ஆரஞ்சு நிறத் தலை கறுத்துப்போயிருந்தால் அது அழுக்காக இருக்க வேண்டியதில்லை. சாயத்திலுள்ள ஈயம், புகையிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுத்திருக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு அதை மீட்கும். ஆனால் அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை.

ஒட்டிக்கொண்ட தலைகளைப் பிய்க்காதீர்கள். மூடியுள்ள டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு, மேலே ஒரு வலைத்தட்டு, தட்டில் தலைகள். தண்ணீர் நேராகப் படக் கூடாது. பல மணி நேரத்தில் பசை இளகித் தானாக விலகும். விரலால் எடுக்காமல் முனை மழுங்கிய இடுக்கியால் எடுங்கள்.

1965இன் 15 பைசாத் தலையில் தேயிலை பறிக்கும் காட்சி, 1981இல் தோடர், 1993இல் மலை ரயில் எஞ்சின், 2006இல் குறிஞ்சிப்பூ: நீலகிரியோடு உறவுள்ள தலைகளை மட்டும் சேர்த்தாலே ஒரு சின்ன ஆல்பம் தேறும்.

1870 முதல் பல பத்தாண்டுகள் சென்னை மாகாண அரசு கோடைதோறும் கோப்புகளோடு ஊட்டிக்கு ஏறி வந்தது. அந்தக் காலத்து உறையில் 'ஊட்டகமண்ட்' முத்திரையும் தேதியும் தெளிவாக விழுந்திருந்தால், மதிப்பு பெரும்பாலும் தலையில் இல்லை, முழு உறையில்தான். தலையை மட்டும் வெட்டி எடுத்தால் ஊரும் நாளும் குப்பைக்குப் போகும். 1879இல் வந்த காலணாக் கார்டுக்கும் இதே விதி. எஸ்டேட் பங்களா பரணிலோ லயன் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ பழைய கடிதக் கட்டு கிடைத்தால், கத்தரிக்கோலைத் தொடாமல் கட்டை அப்படியே விவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள்.