மூடியைத் திறக்கும் உரிமை

2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மட்சுஷிதா தயாரித்த பிஎல்-5சி வகை மின்கலங்களில் 4.6 கோடி, மின்னேற்றும்போது அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என்றது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. வாடிக்கையாளர் செய்ய வேண்டியிருந்தது எளியது: பின்மூடியைக் கழற்றி, மின்கலத்தில் உள்ள எண்ணைச் சரிபார்த்து, அதை மட்டும் இலவசமாக மாற்றிக்கொள்வது. கைப்பேசி அவரிடமே இருந்தது.

2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது அந்த வழி அடைபட்டிருந்தது. மின்கலம் உள்ளே பொதியப்பட்டிருந்ததால், ஏறத்தாழ 25 லட்சம் கைப்பேசிகளை முழுமையாகவே திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. இன்று அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரம் அருகே, பாக்ஸ்கான் ஆலை ஐபோன்களைத் தயாரித்து உலகெங்கும் அனுப்புகிறது. அவற்றின் மூடியை நகத்தால் நெம்பித் திறக்க இயலாது.

மெல்லிய வடிவமும் நீர் புகாத கட்டமைப்பும் வேண்டுமானால் மூடித்தான் வைக்க வேண்டும் என்கின்றன நிறுவனங்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், லித்தியம் அயனி மின்கலம் பயன்பாட்டில் தேய்வது வேதியியல் நியதி. சுமார் 500 முறை முழுமையாக மின்னேற்றிய பின் பல மின்கலங்களின் கொள்திறன் 80 சதவீதமாகக் குறைகிறது. தினமும் முழுமையாக மின்னேற்றுபவருக்கு அது ஒன்றரை ஆண்டுக் கணக்கு. திரையும் செயலியும் பழுதின்றி இருக்கும். தவணை கட்டி முடிப்பதற்குள் கைப்பேசி மட்டும் முதுமை எய்திவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதி இந்த வாதத்தை நேர்மையாக எதிர்கொள்கிறது. மின்கலத்தைப் பயனரே மாற்றும்படி கைப்பேசியை வடிவமைக்க வேண்டும். அதற்கு விலக்கு வேண்டுமானால், 1,000 மின்னேற்றச் சுழற்சிக்குப் பிறகும் மின்கலம் 80 சதவீதக் கொள்திறனுடன் இருக்க வேண்டும். கைப்பேசிக்குள் தூசும் நீரும் புகக் கூடாது. மூடி வைப்பதானால் நீடித்து உழைப்பதை வை என்பதே இதன் பொருள்.

இந்தியாவின் 2022 மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய மின்கலங்களைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்தின. நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, பழுதுபார்க்கும் தன்மைக்கான குறியீடு குறித்து 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. வரவேற்கத்தக்கதே, எனினும், குறியீடு தகவல் தருமேயன்றிக் கட்டாயப்படுத்தாது. அந்த 1,000 சுழற்சி, 80 சதவீத வரம்பை இங்கும் சட்டமாக்க வேண்டும் என்பேன். ஐரோப்பியச் சந்தைக்குச் செல்லும் கைப்பேசிக்கு உள்ள நிபந்தனை, ஒரகடத்துக் கடையில் விற்கப்படும் கைப்பேசிக்கு ஏன் இருக்கக் கூடாது?