நீலத்துக்கு ஓர் உரைகல்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் லீத் ஸ்ட்ரீட் 14-ஆம் எண் வீட்டை எண் சொல்லி யாரும் தேடுவதில்லை. 'நீல மாளிகை' என்றால் போதும், ஊரில் எவரும் வழி காட்டுவார்கள். சியோங் ஃபாட் ட்சே என்ற சீனப் பெருவணிகர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வீடு அது. 38 அறைகள், கருங்கல் பாவிய 5 முற்றங்கள், 220 சன்னல்கள். வெளிச்சுவரில் இருப்பது சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்த பூச்சு. அந்த அவுரி அன்று இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. பாழடைந்து கிடந்த வீட்டைக் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் நண்பர்களும் வாங்கிப் பழைய முறையிலேயே புதுப்பித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது.

அந்தச் சுவரின் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒன்றில் வானத்து நீலம். இன்னொன்றில் கத்தரிப்பூ நிறம். மூன்றாவதில் பள்ளிச் சீருடையின் கருநீலம். காமிராவும் வெயிலும் இதற்குக் காரணம்தான். ஆனால் ஒரே படத்தை இரண்டு கணினித் திரைகளில் அருகருகே திறந்து வைத்தாலும் நீலம் இரண்டாகத் தெரியும். படம் மாறவில்லை, திரைதான் மாறியிருக்கிறது.

சுற்றுலாப் பயணிக்கு இது பெரிய விஷயமில்லை. கல்யாண ஆல்பம் செய்பவருக்கும், இணையத்தில் பட்டுச்சேலை விற்பவருக்கும், புத்தக அட்டை வடிவமைப்பவருக்கும் இது பிழைப்பு. அரக்கு நிறம் என்று வாங்கிய சேலை வீட்டில் பிரித்துப் பார்த்தால் செங்கல் நிறமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும்போது, பல சமயம் தவறு சேலையிலும் இல்லை, விற்றவரிடமும் இல்லை. படத்தைத் திருத்திய மானிட்டரில் இருக்கிறது. அதைச் சீராக்கும் வேலைக்குத்தான் 'மானிட்டர் காலிப்ரேஷன்' என்று பெயர்.

கணினிக்கு நிறம் தெரியாது, எண்கள்தான் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள். அவற்றைச் சேர்த்துக் கலந்தால் சுமார் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள். சமையல் குறிப்பில் "மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி" என்று எழுதியிருப்பதைப் போன்றது இது. குறிப்பு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், கரண்டிதான் வீட்டுக்கு வீடு வேறு. ஒரு திரையின் 'நீலம் 200' இன்னொரு திரையின் 'நீலம் 200' ஆகாது.

கரண்டி ஏன் மாறுகிறது என்பதற்கு விடை பினாங்குத் தீவிலேயே கிடைக்கும். 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை எழுந்தபோது முதலில் வந்த நிறுவனங்களில் இன்டெல், ஹியூலட்-பேக்கர்ட் ஆகியவற்றோடு லிட்ரோனிக்ஸும் ஒன்று. அந்த லிட்ரோனிக்ஸ் ஆலையின் வழித்தோன்றல்தான் இன்றைய ஏ.எம்.எஸ். ஒஸ்ராம். அதே பாயான் லெப்பாஸில் லுமிலெட்ஸும் இருக்கிறது. இரண்டும் எல்.இ.டி. விளக்குத் துறையில் உலக அளவில் பெயர் பெற்றவை. இன்றைய மானிட்டர்கள் பெரும்பாலானவற்றின் பின்னால் ஒளிர்வதும் எல்.இ.டி.தான்.

வெள்ளையாகத் தெரியும் அந்த ஒளியின் கருவில் இருப்பது நீலம். நீல ஒளி தரும் ஒரு சிறு சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசுகிறார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகிறது. திறன்மிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கிய, ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

ஒரே தகட்டில் உருவான சில்லுகள்கூட ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றின் நீலம் இம்மியளவு ஊதாப் பக்கம் சாயும், மற்றொன்றின் பிரகாசம் கொஞ்சம் குறையும். ஆகவே எல்.இ.டி. ஆலைகளில் ஒவ்வொன்றையும் எரியவிட்டு, அளந்து, நிறத்துக்கு ஒரு பெட்டி, பிரகாசத்துக்கு ஒரு பெட்டி என்று தரம் பிரிக்கிறார்கள். 'பின்னிங்' என்பது அந்தத் தொழிலில் அன்றாடச் சொல். எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தாலும் சிறு வேறுபாடு மிஞ்சும். அதோடு பொடி பழசாகும், பிரகாசம் மங்கும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு மானிட்டர்கள் ஆறு மாதத்தில் இரண்டு வெள்ளைகளைக் காட்டுவது இதனால்தான்.

"என் கண்ணே போதும்" என்று நினைப்பவர்கள் உண்டு. கண் அற்புதமானது, ஆனால் அளவுகோல் அல்ல. டியூப் லைட் வெளிச்சத்திலும் வேட்டி வெள்ளை, மஞ்சள் பல்பு வெளிச்சத்திலும் வேட்டி வெள்ளை. வெளிச்சத்துக்கு ஏற்ப மூளை தன்னைத் திருத்திக்கொண்டு, வெள்ளை என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. 2015-இல் ஓர் உடையின் படம் உலகையே இரண்டாகப் பிரித்தது. சிலருக்கு அது நீலமும் கருப்பும், வேறு சிலருக்கு வெள்ளையும் தங்கமும். உண்மையான உடை நீலமும் கருப்பும்தான். மஞ்சள் பாரித்த திரையின் முன் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அந்த மஞ்சளே நமக்கு வெள்ளையாகிவிடும். அதை நம்பித் திருத்தும் படத்தில் நிறம் பிசகினாலும் நமக்குத் தெரியாது.

பொது அளவு ஒன்று வேண்டும் என்று உலகம் எப்போதோ முடிவு செய்துவிட்டது. 1920-களில் இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்ற இருவர் தனித்தனியே மொத்தம் 17 பேரை உட்காரவைத்து, மனிதக் கண் நிறங்களை எப்படிக் கலந்து பார்க்கிறது என்று அளந்தார்கள். அதன் அடிப்படையில் 1931-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்த கணக்குதான் இன்றுவரை நிற அளவீட்டின் அடித்தளம். 1993-இல் எட்டு நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. என்ற அமைப்பைத் தொடங்கின. ஒவ்வொரு திரைக்கும் அச்சு இயந்திரத்துக்கும் 'ப்ரொஃபைல்' என்ற கோப்பு எழுதும் முறையை அது வகுத்தது. "எங்கள் வீட்டுக் கரண்டி இவ்வளவு கொள்ளும்" என்று எழுதிவைத்த சீட்டு என்று அதை எண்ணிக்கொள்ளலாம். 1996-இல் இணையத்துக்கென்று எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது நிற எல்லை வந்தது. அதை மைக்ரோசாஃப்ட்டோடு சேர்ந்து முன்வைத்தது ஹியூலட்-பேக்கர்ட், 1972-இல் பாயான் லெப்பாஸுக்கு வந்த அதே நிறுவனம்.

லிட்டில் இந்தியாவின் நகைக்கடைகளில் வளையலைக் கையில் வாங்கியதும் இத்தனை காரட் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. முன்பு உரைகல்லில் உரசிப் பார்த்தார்கள், இன்று இயந்திரத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். திரைக்கும் அப்படி ஓர் உரைகல் உண்டு. 'கலரிமீட்டர்' என்று பெயர், கைக்குள் அடங்கிவிடும் கருவி. விலை ஒரு நல்ல காமிரா லென்ஸைவிடக் குறைவு. பல கருவிகள் தமக்கான மென்பொருளோடு வருகின்றன. ஆர்கில், டிஸ்ப்ளேகால் போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு.

வேலை கடினமில்லை. மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டுச் சூடேற்ற வேண்டும். இரவு நேர மஞ்சள் வடிகட்டி, தானாகப் பிரகாசத்தை மாற்றும் வசதி ஆகிய அனைத்தையும் அணைக்க வேண்டும். பிறகு மூன்று இலக்குகளை முடிவு செய்ய வேண்டும். வெள்ளை எப்படிப்பட்ட வெள்ளை என்பது முதலாவது: இணையத்துக்கு 6500 கெல்வின், அச்சு வேலைக்குப் பெரும்பாலும் 5000 கெல்வின். பிரகாசம் இரண்டாவது: படத் திருத்தத்துக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேன்டெலா. கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் படிகள் எப்படி ஏறுகின்றன என்பது மூன்றாவது. அதற்குக் 'காமா' என்று பெயர், வழக்கமான மதிப்பு 2.2.

இதன்பின் கருவியைத் திரையின் நடுவில் தொங்கவிட்டால் போதும். மென்பொருள் வெள்ளை, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று கட்டம் கட்டமாகக் காட்டும், கருவி ஒவ்வொன்றையும் அளக்கும். வந்திருக்க வேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள இடைவெளியை 'டெல்டா ஈ' என்ற எண் சொல்லும். அது 1-ஐ ஒட்டி இருந்தால் பழகிய கண்ணுக்கே வேறுபாடு பிடிபடுவது அரிது. 2-க்குள் இருந்தால் தொழிலுக்குப் போதும். கடைசியில் மென்பொருள் அந்தத் திரைக்கான ப்ரொஃபைலை எழுதிக் கணினியில் வைத்துவிடும். உயர்தர மானிட்டர்களில் இந்தத் திருத்தம் திரைக்கு உள்ளேயே பதிவாகும், அதனால் நிறப் படிகள் இன்னும் வழவழப்பாக வரும்.

மூன்று இலக்குகளில் அதிகம் பேரை ஏமாற்றுவது பிரகாசம். புது மானிட்டர்கள் 250, 300 கேன்டெலா பிரகாசத்தோடு பெட்டியிலிருந்து வெளிவருவது சாதாரணம். அந்த வெளிச்சத்தில் படம் தூக்கலாகத் தெரிவதால் திருத்துபவர் இருட்டாக்கிக்கொண்டே போவார். அச்சிட்டு வரும் ஆல்பம் மங்கிப்போயிருக்கும்.

இதில் முதலில் அடிபடுவது கருநீலப் பட்டு. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்வித்த நீலத்துக்கு 'எம்.எஸ். நீலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நள்ளிரவு வானம் போன்ற நிறம் அது. பிரகாசமான திரையில் அதன் மடிப்பெல்லாம் தெரியும், அச்சில் கருப்புத் துணியாகிவிடும். மணப்பெண்ணின் அம்மா தேடித் தேடி எடுத்த சேலை, ஆல்பத்தில் அடையாளமே இல்லாமல் போகும்.

அச்சில் நீலத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. அச்சகத்தின் நான்கு மைகளில் நீலம் என்று தனி மை கிடையாது. பச்சைச் சாயல் கொண்ட சியானும் இளஞ்சிவப்பு மெஜந்தாவும் சேர்ந்துதான் நீலமாக வேண்டும். மெஜந்தா சற்றுக் கூடினாலும் நீலம் கத்தரிப்பூ நிறமாகும். சீராக்கிய திரையில் அச்சகத்தின் ப்ரொஃபைலைப் பொருத்திப் பார்த்தால், அச்சுக்குப் போகும் முன்பே இதைக் கண்டுகொள்ளலாம். சீராக்காத திரையில் அந்த வசதிக்குப் பொருளே இல்லை.

இந்த அக்கறை அழகுக்காக மட்டுமல்ல. எக்ஸ்ரே, மார்பக ஊடுகதிர்ப் படங்களைப் பார்க்கும் மருத்துவ மானிட்டர்களுக்கு 'டைகாம்' என்ற தரமுறையில் தனி விதியே உண்டு. சாம்பலின் ஒவ்வொரு படியும் கண்ணுக்குச் சம இடைவெளியில் தெரிய வேண்டும் என்கிறது அது. இரண்டு சாம்பல் படிகள் ஒன்றாகக் கலந்துவிட்டால் ஒரு சிறு கட்டி கண்ணுக்குத் தப்பிவிடலாம். வெளிநாட்டு நோயாளிகள் வந்திறங்கும் மருத்துவமனைகள் நிறைந்த பினாங்குக்கு இதன் அருமை தெரியும்.

அறையையும் கவனிக்க வேண்டும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் காலை வெயில் முற்றத்தில் இறங்கும், பிற்பகலில் மழை மேகம் மூடும். மஞ்சள் சுவரும் சிவப்புத் திரைச்சீலையும் தம் நிறத்தை மானிட்டர் மேல் வீசும். திரையைச் சன்னலுக்கு எதிரே வைக்காமல் இருப்பதும், பின்சுவரைச் சாம்பலாகவோ வெள்ளையாகவோ வைத்திருப்பதும் பாதி வேலை. நம் ஊர் ஈரப்பதத்தில் காமிரா லென்ஸில் பூஞ்சை பிடிப்பதைப் போலவே அளவுக் கருவியின் வடிகட்டிகளும் கெடக்கூடும். லென்ஸோடு சேர்த்து அதையும் ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைப்பது நல்லது.

கருவி வாங்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மானிட்டரில் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். பக்கத்தில் வைத்த வெள்ளைத் தாள் அளவுக்குத் திரையின் வெள்ளை இருக்கும்படி பிரகாசத்தைக் குறையுங்கள். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்கிச் சுற்றில் விட்டாலும் போதும், ஏனென்றால் அளக்க வேண்டியது மாதம் ஒரு முறைதான்.

தங்கம் வாங்கப் போனால் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். கல்யாண ஆல்பத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதும் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் மானிட்டரைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்?" தேதி சொல்பவரிடம் உங்கள் வீட்டு நீலப் பட்டை நம்பி ஒப்படைக்கலாம்.