ஃபைலுக்கும் பிறந்த தேதி உண்டு!

'ரிப்போர்ட்', 'ரிப்போர்ட் ஃபைனல்', 'ரிப்போர்ட் ஃபைனல் 2', 'இதுதான் நிஜ ஃபைனல்'... கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் எல்லாம் இந்தக் கூட்டுக் குடும்பம் உண்டு. என் வீட்டில் பதினொரு பேர். யார் அண்ணன், யார் தம்பி என்று பெற்றவருக்கே குழப்பம் வரும்.

இதற்குத்தான் வெர்ஷன் கன்ட்ரோல். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று குறித்து வைக்கிற கணக்குப்பிள்ளை. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்து வைத்த 'கிட்' இதில் பிரபலம்.

சரி, ஏற்கெனவே குவிந்து கிடக்கிற பழசை என்ன பண்ணுவது? ஒரு குட்டி ஸ்கிரிப்ட் போதும். ஃபைல்களை வயதுப்படி வரிசையாக்கு. மூத்ததை 'ரிப்போர்ட்' என்று வை, பதிவு செய். அடுத்ததை அதே பெயரில் அதன் மேலேயே வை, பதிவு செய். அவ்வளவுதான். பெயரை நம்பி அடுக்கினால் மட்டும் 'ஃபைனல் 10' வந்து 'ஃபைனல் 2'-க்கு முன்னால் ஜம்மென்று உட்கார்ந்துவிடும். தேதியைத்தான் பார்க்கணும்.

இன்னொரு சூட்சுமம். ஃபைலின் தேதியை கிட் சேமிப்பதில்லை. சும்மா ஏற்றினால் இருபது வருஷ உழைப்பும் இன்று மத்தியானம் பிறந்ததாகிவிடும்! ஸ்கிரிப்ட்தான் பழைய தேதியைப் படித்து, எழுதின தேதி, பதிவுத் தேதி இரண்டிலும் அதைப் போட வேண்டும். அதற்கு, காப்பி எடுக்கும்போதே தேதி மாறாமல் எடுத்திருக்க வேண்டும். யூனிக்ஸில் 'சிபி' கட்டளையோடு 'மைனஸ் பி' சேர்த்தால் போதும்.

யூனிக்ஸுக்கே இப்படி ஜாதகம் எழுதியிருக்கிறார் ஒருவர். ஏதென்ஸ் பேராசிரியர் டியோமிடிஸ் ஸ்பினெல்லிஸ். கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் லேப்ஸில் எழுதிய ஆரம்ப கால யூனிக்ஸின் பிரதிகள்தான் மிஞ்சியிருந்தன; மாற்றங்களின் குறிப்பு இல்லை. சில பகுதிகள் ஃபைலாகக்கூட இல்லை. 1972-ம் வருஷத்து அச்சுக் காகிதத்திலிருந்து ஆர்வலர்கள் மீட்டவை. எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் வைத்து கிட்டில் ஏற்றினார். ஃபைலின் தேதியே பதிவுத் தேதி. எழுதியது யார்? பழைய ஆவணங்களைப் புரட்டி, எந்த ஃபைல் எவருடையது என்று பட்டியல் போட்டு அதையும் ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுத்தார்.

எனக்குப் பிடித்தது அந்தப் பட்டியல்தான். ஏனென்றால், எந்தப் பெயர் கொடுத்தாலும், எந்தத் தேதி கொடுத்தாலும் ஸ்கிரிப்ட் மறுபேச்சுப் பேசாமல் எழுதிக்கொள்ளும். அடுத்தவர் உழைப்பை உங்கள் பெயரில் ஏற்றினாலும் சரி என்று தலையாட்டும். தேதியோ பெயரோ ஊகமாக இருந்தால், 'இது ஊகம்' என்று பதிவிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

ஸ்கிரிப்ட்டுக்கு மனசாட்சி கிடையாது. அதை நாம்தான் சப்ளை செய்யணும்!