தேய்மானத்துக்கும் ஓர் உண்டியல்

சிலி நாட்டின் தலைநகர் சந்தியாகோவில், சான் கிறிஸ்தோபல் குன்றுப் பூங்காவில் 1980இல் கேபிள் கார் ஓடத் தொடங்கியது. அதன் முட்டை வடிவக் கூண்டுகள் மக்கள் மனதில் பதிந்தன. 2009இல் தொழில்நுட்பக் கோளாறுகளால் சேவை நின்றது. புதிய கூண்டுகளுடன் மீண்டும் ஆரம்பமானது 2016 நவம்பரில்தான். ஏழு வருடங்கள் டிக்கட் வருமானமே இல்லை.

இதை வாசித்தபோது எனது மாவு மில் ஞாபகத்துக்கு வந்தது. மோட்டார் எரிந்த அன்று கையில் காசில்லை. மூன்று மாதம் மூடிக் கிடந்தது. வாடிக்கையாளர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

இயந்திரம் உழைக்கும்போதே தேய்கிறது. அந்தத் தேய்மானத்தையும் இலாபமென்று எண்ணிச் செலவழித்து விடுகிறோம். 6 இலட்சம் ரூபா இயந்திரம் 10 வருடம் உழைக்குமென்றால், மாதம் 5,000 ரூபா நமது இலாபமல்ல. புதியதின் விலை கூடுமாதலால் சற்று அதிகமாகவே ஒதுக்குங்கள். நான் இப்போது ஒதுக்குகிறேன்.