எதை முதலில் மூடுவது?

அணு உலையிலும் சரி, நிலக்கரி நிலையத்திலும் சரி, கடைசியில் நடப்பது ஒரே வேலைதான்: தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றுவது. கூடங்குளத்திலும் அதுதான், நெய்வேலியிலும் அதுதான். வித்தியாசம் அடுப்பில் எதைப் போடுகிறோம் என்பதில்தான். யுரேனிய வில்லை ஒன்று விரல்நுனி அளவே இருக்கும், எடை சில கிராம். அது தரும் வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் நிலக்கரியை எரித்தாக வேண்டும். 1,000 மெகாவாட் அனல் மின் நிலையம் ஒரே நாளில் சுமார் 10,000 டன் நிலக்கரியை விழுங்கும். அதே திறனுள்ள அணு உலைக்கு வருஷம் முழுவதற்கும் 25 டன் எரிபொருள் போதும். புகையும் கிடையாது.

இவ்வளவு வசதி இருந்தும் உலகம் ஏன் அந்தப் பக்கம் முழுதாகப் போகவில்லை? பிரான்சையும் ஜெர்மனியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புரியும்.

1973-ல் எண்ணெய் விலை எகிறியபோது பிரான்ஸ் திணறிப்போனது. சொந்த எண்ணெய் இல்லை, நிலக்கரியும் குறைவு. அடுத்த ஆண்டே பிரதமர் பியேர் மெஸ்மர் பெரும் அணு மின் திட்டத்தை அறிவித்தார். சில வடிவமைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு உலைகளை வரிசையாகக் கட்டினார்கள். 1990-க்குள் 50-க்கும் மேற்பட்டவை ஓடின. இன்றும் அந்நாட்டு மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணுவிலிருந்து வருகிறது.

பிறகு உலக அளவில் அணு மின்சாரம் ஏன் சரிந்தது? 1979-ல் திரீ மைல் தீவு உலை விபத்து, 1986-ல் செர்னோபில் உலை விபத்து. மக்களுக்கு வந்த பயம் நியாயமானது. கழிவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காக்க வேண்டும் என்ற கவலையும் உண்மையானது. ஆனால் சத்தமில்லாமல் கழுத்தை நெரித்தது பணம்தான். உலைக்கான செலவில் பெரும்பகுதியை முதலிலேயே கொட்ட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு வருஷமும் வட்டி ஏறும். பிரான்சிலேயே ஃபிளமான்வில்லில் 2007-ல் தொடங்கிய உலை 2024 டிசம்பரில்தான் மின்கட்டமைப்பில் இணைந்தது. 330 கோடி யூரோ என்ற மதிப்பீடு 1,300 கோடியைத் தாண்டியது. 1990-களின் நடுவில் உலக மின்சாரத்தில் சுமார் 17 சதவீதமாக இருந்த அணுவின் பங்கு இன்று 9 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. நிலக்கரியும் எரிவாயுவும் எண்ணெயும் சேர்ந்து இன்னும் பாதிக்கு மேல் தருகின்றன.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்து நடந்ததும் எட்டு உலைகளை நிறுத்தியது. 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்றையும் மூடியது. அதற்கு மூன்று மாதம் முன்பு, லுட்செராத் என்ற சிற்றூரில் போராடியவர்களைப் போலீஸ் அப்புறப்படுத்தியது, வீடுகள் இடிக்கப்பட்டன. எதற்காக? நெய்வேலியில் வெட்டுவது போன்ற பழுப்பு நிலக்கரியைத் தோண்ட. நிலக்கரியை முழுதாகக் கைவிட ஜெர்மன் சட்டம் வைத்திருக்கும் கெடு 2038.

ஜெர்மனி காற்றாலையிலும் சூரிய மின்சாரத்திலும் சாதித்தது பெரிது; 2023-ல் அதன் மின் தேவையில் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்க ஆற்றலே தந்தது. ஆனால் அந்தப் புது மின்சாரத்தைக் கொண்டு முதலில் நிலக்கரியை அணைத்திருக்கலாம். அணு உலை விபத்து உலகத்துக்கே செய்தியாகிறது. நிலக்கரிப் புகை அன்றாடம் நுரையீரலில் படிவது செய்தியாவதில்லை.

புது உலை கட்டுவதா என்பதைச் செலவும் காலமும் தீர்மானிக்கட்டும். கட்டி முடித்து, பாதுகாப்புச் சோதனையில் தேறி ஓடிக்கொண்டிருக்கும் உலைக்கு மட்டும் வரிசை மாறக் கூடாது: முதலில் நிலக்கரியை நிறுத்துங்கள், அணுவைப் பற்றி அப்புறம் பேசலாம்.